கிராம்பு வாங்கிய டீ மேக்கர்

நான் போடும் டீ நன்றாக இருக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூடலூர் பஜாரில் நான் வைத்திருப்பது மளிகைக்கடை, டீக்கடை அல்ல. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள அறையில் நடக்கும் எங்கள் கூட்டத்துக்கு டீ போட்டு வந்தவன் இந்த நூருல்லாதான். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. அங்கே பேசியதை வெளியே சொல்வதில்லை. ஆனால் அங்கே வரும் ராஜசேகரின் கதையை எழுதச் சொன்னதே ராஜசேகர்தான். டீயைப் பற்றியும் மறக்காமல் எழுதச் சொன்னார்.

தேவர்சோலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். அரைத்த இலை காற்றுப் பட்டு செம்பு நிறத்துக்கு மாறும்போது, பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும் ஒரு நேரம் உண்டு. அப்போதே அள்ளி டிரையரில் போட வேண்டும். முந்தினால் டீ கசக்கும், பிந்தினால் சப்பென்றாகிவிடும். அந்த நேரத்தைச் சொல்வது டீ மேக்கரின் மூக்குதான். அதனால் அந்த வேலையில் இருப்பவர்கள் பீடி, வெற்றிலை, சென்ட் எதையும் கிட்டே சேர்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர் என் கடைக்கு வந்து கிராம்பு கேட்டார்.

முதல் நாள், வீட்டில் பிரியாணி போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். தினமும் பிரியாணி தின்கிற வீடு எங்கள் தெருவிலேயே கிடையாது. பொட்டலத்தைக் கடை வாசலிலேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். பாம்பின் கால் பாம்பறியும். பிராந்தி வாடையை மறைக்க நானும் ஒரு காலத்தில் கிராம்பு மென்றவன்தான்.

"ஏனுங்க, டீ மேக்கரு கிராம்பு மெல்லலாமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. கடைக்காரன் சாமானைக் கொடுத்தால் போதும், ஊர் நியாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு மறுபடி வந்தார். கிராம்பு கேட்கவில்லை. அவர் மூக்குக்கு வாசம் தெரியாமல் ஃபேக்டரியில் அடுத்தடுத்து சரக்கு கெட்டுப்போயிருந்தது. மேனேஜர் அவரை வெளியே பச்சை இலை எடை போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார். பனிக்காலத்துக்குள் மூக்கு திரும்பாவிட்டால் வேலை போய்விடும், ஃபேக்டரி கொடுத்த வீடும் போய்விடும்.

"ஊட்டையும் காலி பண்ணோணுமுங்க பாய். பாலாமணிகிட்ட இன்னும் சொல்லலீங்க," என்றார். பாலாமணி அவர் மனைவி. கிராம்புதான் மூக்கைக் கெடுத்துவிட்டதாம்.

கிராம்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

வந்தார். கையில் குடையைப் பிடித்தபடி கதவோரம் உட்கார்ந்தார். எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித்தான் பேச ஆரம்பிப்போம். அவர் முறை வந்ததும் பெயரைச் சொன்னார், மூக்கடைப்பு என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் டீ கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க பாய்," என்றார்.

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் டீயை அதுவரை ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவர் மூக்கு எவ்வளவு மரத்துப்போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சில ஞாயிறு வந்தார், சில ஞாயிறு வரவில்லை. ஒருமுறை குடித்துவிட்டே வந்தார். அன்றும் அவர் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவராகவே, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி உடைந்து அழுதார். பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் என் டீ அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. பனி விழ ஆரம்பித்தது. அவர் இன்னும் இலைதான் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு, ஒரு வாய் குடித்தவர் கிளாஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். முகம் கோணியது.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. பாலு அடி புடிச்சிருக்குது. தூளு பழசு. இந்தத் தூளக் கிராம்பு டப்பாவுக்குப் பக்கத்துலயா வெச்சிருந்தீங்க?"

அங்கேதான் வைத்திருந்தேன். அவர் சொன்னது அவர் காதிலேயே விழ ஒரு நொடி ஆயிற்று. மறுபடி மோந்து பார்த்தார். நான் சிரித்தேன், அதற்குள் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. என் சரக்கைக் குறை சொன்னதற்காக நான் அல்லாவுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாளே அவர் மேனேஜரிடம் போய்ச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மேனேஜர் அவரை அரைத்த இலைக்கு முன்னால் நிறுத்தினார். எப்போது அள்ள வேண்டும் என்று ராஜசேகர் சரியாகச் சொல்லிவிட்டார். வேலையும் வீடும் தங்கின. அன்று சாயங்காலம் பாலாமணி கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது கூட்டத்துக்குத் தூள் கொண்டுவந்து டீ போடுவது ராஜசேகர்தான். ஆனால் புது ஆள் வருகிற அன்று மட்டும் நான் போட வேண்டும், அதே பழைய தூளில். அது அவர் உத்தரவு.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவோரம் உட்கார்ந்து, என் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். ராஜசேகர் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் அப்படித்தானுங்க சொன்னேன்," என்றார். "அடுத்த வாரமும் வாங்க."