பூட்டிய கேட்டும் பெண் பார்க்கும் சட்டையும்

“…இடிஞ்ச வீடு எங்கயும் ஓடிடாது மச்சான். பொண்ணு வீட்டுக்காரங்கதான் ஓடிடுவாங்க. சீக்கிரம் எடுங்க லா!”

சொன்னது என் மனைவியின் தம்பி, காரில் சாய்ந்தபடி. அவன் வாயிலிருந்து வருவதை எல்லாம் நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் மாநிலத்து மூவாரில் அவனுக்குப் பெண் பார்க்கும் நாள். மனைவியும் மாமியாரும் பழத்தட்டோடு இன்னொரு காரில் முன்னே போய்விட்டார்கள். வழியில் சாஆ ஊரைத் தாண்டியதும், செம்பனைத் தோட்டத்துக்குள் ஆளில்லாமல் கிடக்கும் பழைய தொழிலாளர் லயத்தைப் படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் காரைத் திருப்பச் சொன்னேன்.

போனதும் கேமராவைத் தூக்குகிற ஆள் இல்லை நான். முதலில் ஏதாவது ஒரு வாசற்படியில் உட்காருவேன். கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் அடுப்பு மேடைக்கு நகர்ந்து வரட்டும் என்று காத்திருப்பேன். சன்னல் கம்பியில் இன்னும் துணிக் கிளிப் ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

“வெயில் அங்க வர்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும். தோட்டத்து கேட்ட மூடிடுவாங்களா?”

“ஞாயித்துக்கெழம வேலை நாளுடா. சாயங்காலம் செம்பனைப் பழ லோரி போறவரைக்கும் தொறந்துதான் இருக்கும்.”

பல வருஷம் ஜொகூரில் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிறு லீவாக மாறிவிட்டது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மண்டையில் பழைய காலண்டர்தான் தொங்கியது.

திரும்பி வந்தபோது கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. காவல் கொட்டகையில் ஆளில்லை. ஹாரன் அடித்தோம். குரங்குகள்தான் எட்டிப் பார்த்தன. இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்கால். ஆள் தாண்டிவிடலாம், கார் தாண்டுமா? வேறு வழி தேடி உள்ளே ஓட்டினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே செம்பனை வரிசை, அதே செம்மண் பாதை. கடைசியில் அதே பூட்டின் முன்னால் வந்து நின்றோம். காற்றே இல்லை. அவன் புதுச் சட்டையைக் கழற்றிக் காருக்குள் மாட்டிவிட்டுப் பனியனோடு நின்றான்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அவன் சிங்கப்பூரில் வேலை முடித்து வரும்போது எல்லைப் பாலத்தில் ஜாம், இரண்டு முறையும் தாமதம். இதுவும் போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று சங்கிலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டான். கேட்டருகே போனில் சிக்னல் இல்லை, பக்கத்து மேட்டுக்கு நடந்தோம்.

ஏறியதும் அவன் போன் அடித்தது. என் மனைவி. “எங்க இருக்கீங்க? எல்லாரும் உக்காந்தாச்சு!” அவன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பெண்ணின் அப்பா போனை வாங்கிவிட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

“தம்பி, மத்த எடத்துல பாலத்துல ஜாம்னு சொன்னீங்களாம். எங்களுக்குப் பூட்டா?”

“உண்மைதாங்க.”

பின்னால் யாரோ ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

“சரி. பூட்டுப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க. பார்த்துட்டுப் பேசுவோம்.”

போனை என் கையில் கொடுத்தான். “இருங்க மச்சான்” என்று காருக்குப் போய்ச் சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். பக்கக் கண்ணாடியில் குனிந்து வகிடு எடுத்தான். பிடிக்கவில்லை, கலைத்துவிட்டு மறுபடியும் எடுத்தான். கேட்டுக்கு வந்து பூட்டைத் துடைத்து, அது தெரிகிற மாதிரி என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான்.