இரண்டு கிலோ பொய்

ஏழு வயதில் நான் பதினாறு கிலோ இருந்தேன். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் வேறெந்தப் பிள்ளையையும் இத்தனை தடவை தராசில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அப்பா ஆரியசாலையில் ஒரு வெல்ல மண்டியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டி அடைத்திருக்கும், சாவி அப்பாவிடம் இருக்கும். மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் அன்றைக்கு ஒரே ஒரு மூட்டைதான் ஏறும். அது நான்.

எல்லாம் ஒரு மலையாள வார இதழால் வந்த வினை. அதில் குழந்தை வளர்ப்புக்கென்று வாராவாரம் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. பக்கத்து வீட்டு சேச்சி வாசித்து அரைகுறைத் தமிழில் அர்த்தம் சொல்ல, அம்மா அதைத் தமிழில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டிவிடுவாள். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைக்கக் கூடாது என்று ஒரு வாரம் வந்தது. அம்மா அதையும் சிரத்தையாகக் கடைப்பிடித்தாள்.

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல ஏட்டி. தட்டு காலியாகாம எந்திரிக்கக் கூடாது, அம்புட்டுதான்."

சந்தோஷமாக இருக்கும் பிள்ளைக்குத்தான் உடம்பு தேறும் என்று இன்னொரு வாரம் வந்தது. அதற்குப் பிறகு நான் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால்கூட அடுக்களையிலிருந்து அதட்டல் வரும். "மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? சந்தோஷமா இரு." நான் பயந்துபோய்ச் சிரிப்பேன்.

இதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னது காதில் விழுந்தது. "இந்த ஊர்த் தண்ணி இவளுக்குச் சேரல. பெரிய லீவுக்குள்ள பதினெட்டு கிலோ வரலேன்னா அம்பாசமுத்திரத்துல அக்கா வீட்ல கொண்டு விட்டுருவோம். அங்கேயே படிக்கட்டும்." அப்பா "பார்ப்போம்" என்றார். உலகத்தில் எதைக் கேட்டாலும் அப்பாவிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். எனக்கோ பெட்டி கட்டியாகிவிட்டது போலவே இருந்தது. பெரியம்மா நல்லவள்தான். ஆனால் அம்மா இல்லாத வீட்டில் எப்படித் தூங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் நேர்வழியில்தான் போனேன். இட்லியைக் கூடுதலாக விழுங்கி, பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுத்தேன். பிறகுதான் மண்டியில் சின்னத் தராசுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற எடைக்கற்கள் கண்ணில் பட்டன. அப்பா ஷட்டரைத் தூக்கி ஜன்னல்களைத் திறப்பதற்குள், அம்மா வெல்ல எறும்பு ஏறாத இடமாகப் பார்த்துச் செருப்பைக் கழற்றி வைப்பதற்குள், ஒரு இருநூறு கிராம் கல்லை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த துணிப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மேலே தொளதொளவென்று கவுன் இருந்தது. இறங்கியதும் கல் பழைய இடத்துக்குப் போய்விடும். அடுத்த வாரம் அரைக் கிலோ ஆயிற்று. அதற்கடுத்த வாரங்களில் ஒரு கிலோ, ஒன்றரை. இரும்பு வயிற்றில் பட்டுச் சில்லென்று குளிரும். வாரத்துக்கு வாரம் அம்மாவின் முகம் மலர்ந்தது. "லேசா தொப்பை போட்டிருக்கா பாருங்க" என்று ஒரு நாள் அப்பாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள்.

பதினெட்டு வந்தது. நான் தப்பித்தேன் என்று நினைத்த அன்றைக்குத்தான், தனக்கு ஒரு வேண்டுதல் இருப்பதை அம்மா சொன்னாள். பதினெட்டு வந்தால் எனக்கு வெல்லத்தில் துலாபாரம். கோயில் தராசில் ஒரு தட்டில் நான், மறு தட்டில் என் எடைக்கு வெல்லம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவே எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். இடுப்பில் ஒரு நூல்கூட ஒளிக்க வழியில்லை. அப்பா பதினெட்டு கிலோ வெல்லத்தை மண்டியிலேயே நிறுத்து எடுத்து வந்திருந்தார். "சரியா இருக்கும்" என்று கோயில்காரரிடம் பெருமையாகச் சொன்னார். அவர் மொத்தத்தையும் தட்டில் வைத்தார். நான் மறு தட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டு விர்ரென்று மேலே போனது.

"கூடுதல் இருந்நா குழப்பமில்லா, பகவானுள்ளதல்லே" என்றார் கோயில்காரர். சாமிக்குத்தானே, அதிகமாக இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. அம்மா கேட்கவில்லை. தட்டு சமமாகும்வரை வெல்லத்தை எடுக்கச் சொன்னாள். உருண்டை உருண்டையாக அவர் எடுக்க எடுக்க அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோ வெளியே வந்த பிறகுதான் நான் கீழே இறங்கினேன். ஐந்தே நாளில் பிள்ளை இரண்டு கிலோ இளைத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டரம்மா பேசிய மலையாளத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது வழக்கம்போல என் வேலை. இளைப்பதற்கு என்ன காரணம் என்று தெரிய ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதையும் நானே மொழிபெயர்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசியைக் கண்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில், எடைக்கல் கதை முழுவதையும் ஒரே மூச்சில் மலையாளத்தில் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஊசியை வைத்துவிட்டு, "இது அம்மயோடு பற, மோளே" என்றார்.

இதை அம்மாவிடமே சொல்ல வேண்டுமாம். தமிழில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. முதுகில் விழப்போகும் அடிக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டு சொன்னேன். அடி விழவில்லை.

"ஏன் ஏட்டி?"

"ஊருக்கு அனுப்பிருவேன்னு சொன்னேல்லா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குட்டிக்கு ஒரு குழப்பவுமில்லா. அம்ம நல்லோணம் உறங்ஙணும்" என்றார். எனக்கு ஒன்றும் இல்லையாம், அம்மா நன்றாகத் தூங்க வேண்டுமாம். யாருக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பதையே டாக்டரம்மா மறந்துவிட்டதாக நினைத்தேன். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்.

கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அம்மா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, என் தலைக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உன்னையும் அனுப்பிட்டு நான் இந்த ஊர்ல யார்கிட்ட பேச?"

அவளைத் தேற்ற வேண்டியது என் பொறுப்பு என்று பட்டது. ஆள் இல்லாமலா என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அப்பா, பக்கத்து வீட்டு சேச்சி, பால்காரர், என் டீச்சர், இப்போது டாக்டரம்மா. அம்மா ஒவ்வொரு விரலுக்கும் ஒழுங்காகத் தலையாட்டினாள். அந்த அத்தனை பேரிடமும் அவள் என்னைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறாள் என்பது அன்று எனக்கு எட்டவில்லை.