பாதி அடித்த ஆணி

அபோண்டி அக்கா தன் தகர வீட்டில் ஒரு ஆணியைக்கூட முழுசாக அடித்ததில்லை. தகரத்தில் பாதி இறக்கி, மீதியை வெளியே நீட்டிவிடுவாள். போகிற வருகிறவர்களின் சட்டையெல்லாம் மாட்டிக் கிழியும். எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் எனக்கு அதில் நஷ்டமில்லை. கேட்டால், "சட்டை கிழிஞ்சா இவ தைப்பா. புல்டோசர் வர்ற அன்னிக்கு ஆணி புடுங்க வரலைன்னா தகரத்தை எவன் தருவான்?" என்பாள். விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து நைரோபிக்கு வந்து மீன் வறுத்து விற்பவள். இரண்டு முறை அவள் வீட்டை இடித்திருக்கிறார்கள்.

எங்கள் கிஸிமானி குடியிருப்பை இனி இடிக்கமாட்டோம், சீர்படுத்தப் போகிறோம் என்று மாநகராட்சி சொன்னபோது நாங்கள் சிரித்தோம். ஆனால் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த நியோகாபி விடுகிற பெண்ணாக இல்லை. வாராவாரம் வந்து உட்கார்ந்தாள். சந்தின் இருபுறமும் எல்லா வீடும் ஒரு முழம் பின்வாங்கினால் போதும், வண்டி வரும், சாக்கடை மூடப்படும், குழாயில் தண்ணீர் வரும் என்றாள். ஒருவர் மறுத்தாலும் எங்கள் சந்துக்கு எதுவும் கிடையாது.

போன வெயில் காலத்தில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி பெரிய சாலையிலேயே நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. அதனால் எல்லோரும் சரி என்றோம், இரண்டு பேரைத் தவிர. வாடகைக்கு அறைகள் விட்டிருக்கும் முதீஸோ, "ரூம் சின்னதானா எவன் குடியிருப்பான்?" என்றார். அபோண்டி அக்கா, "காகிதத்துல எல்லா வீடும் அழகாத்தான் இருக்கும்" என்று எழுந்து போய்விட்டாள். சந்து மிகவும் குறுகும் இடங்களும் அந்த இரண்டுதான். நுழைகிற இடத்தில் அவள் வீடு, நடுவில் அவர் சுவர்.

ஒரு காலையில் அக்கா மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் வீட்டுத் தகரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிய பெருக்கல் குறி. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இடிக்கப் போகிறார்கள்.

அவள் மீன் கூடையை இறக்கினாள், சுத்தியலை எடுத்தாள்.

"அக்கா, நியோகாபியைக் கேட்டுட்டு செய்யலாமே."

"கேட்டுட்டு நின்னவங்க கதியெல்லாம் பாத்தாச்சு. நீ அந்தப் பக்கம் புடி."

ஆணிகள் பொலபொலவென்று கழன்றன. என் அடுப்பில் டீ கொதிப்பதற்குள் வீடு வெறும் தகர அடுக்காகிவிட்டது. பூ வேலை செய்த உறை போட்ட சோபா நடுத்தெருவில் நின்றது. அக்கா அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்போது நியோகாபி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"யாருக்கா இடிச்சது?"

"நான்தான். நீ வந்து இடிக்கிறதுக்கு முன்னாடி."

"ஐயோ அக்கா, அது எல்லாரும் ஒத்துக்கிட்டா குழாய் வைக்கிற இடம். நீலப் பெயின்ட் தீர்ந்துபோச்சுன்னு எங்க ஆபீஸ் பசங்க இருந்ததுல போட்டுட்டாங்க."

"குழாய்க்கு எவனாவது பெருக்கல் போடுவானா?"

சந்தே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவுக்கும் சிரிப்பு வந்து கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அப்போதுதான் தண்ணீர் விற்கும் கியாலோ தள்ளுவண்டியோடு வந்தான். எப்போதும் சந்து முனையில் நிறுத்திவிட்டு இரண்டிரண்டு கேனாகத் தூக்கி வருவான். அன்று அக்காவின் வீடு இருந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தான். ஒன்றும் யோசிக்காமல் வண்டியை உள்ளே விட்டான்.

சக்கரம் வைத்த ஒன்று எங்கள் சந்துக்குள் வருவதை நான் பார்த்ததே இல்லை. மெஷினை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். எல்லோரும் ஓடினோம். எதற்கென்று தெரியாத சந்தோஷம். முதீஸோவின் சுவர் வந்தது. வண்டி முட்டி நின்றுவிட்டது.

முதீஸோவின் குடித்தனக்காரர்கள் காலிக் கேன்களோடு வெளியே வந்தார்கள். ஒருத்தி அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, தண்ணி வாசலுக்கு வந்தா ரூம் ஒரு முழம் கொறைஞ்சாலும் நான் இருப்பேன். வராட்டி இந்த மாசமே காலி பண்றேன்."

முதீஸோ வண்டியைப் பார்த்தார். சுவரைத் தடவினார். "அந்தச் செவப்புப் பெயின்ட் மிச்சம் இருக்கா?"

"எதுக்குண்ணே?" என்றாள் நியோகாபி.

"என் சொவத்துலயும் ஒரு பெருக்கல் போடு."

சாயங்காலம், அக்காவே அளந்து காட்ட, அவள் வீட்டை ஒரு முழம் பின்தள்ளி எழுப்பினோம். முதல் தகரத்தை நான் ஒருபக்கம் பிடிக்க, மறுபக்கம் நியோகாபி பிடித்தாள். அக்கா ஆணியைப் பாதி இறக்கிவிட்டு நிறுத்தினாள். வழக்கமாக அங்கேதான் நிறுத்துவாள். சந்தின் நடுவில் முதீஸோ தன் சுவரை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்சநேரம் கேட்டாள்.

"நல்லாப் புடிங்கடி" என்று சொல்லி, ஆணியின் தலை தகரத்தோடு ஒட்டும்வரை அடித்தாள்.