நாலடிக்கு ஐந்தேகாலடி குளியலறை

நான்கடி அகலம், ஐந்தேகாலடி நீளம். வீட்டில் இருந்த ஒரே குளியலறையின் அளவு அது. கழிப்பறையும் அதற்குள்ளேதான். அதை இடித்து மாற்றி அமைக்க இறங்கியபோது பேக்கிங்கம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. அதில் பாதிக்கு மேல் கண்ணாடிச் சாமான் ஆலை ஒன்றின் பேக்கிங் பிரிவில் கழிந்திருந்தது. டம்ளர், கிண்ணம், விளக்குக் கூண்டு, எதுவானாலும் பெட்டியில் அடுக்கி, உடையாமல் போய்ச் சேரும்படி அனுப்புவது அவர் பிரிவின் வேலை. ஆலையிலும் தெருவிலும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது, எல்லோருக்கும் பேக்கிங்கம்மாதான்.

அந்த வேலைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: உள்ளே எதுவும் அசையக் கூடாது. பெட்டியை மூடி, காதருகே தூக்கி ஒரு குலுக்கு. சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். கண்ணாடியை உடைப்பது காலி இடம்தான் என்று புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார். இதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். இரண்டே அறைகள். கணவர் பஸ் டிரைவர், மகள் கல்லூரியில் கடைசி வருடம். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் பை. "இந்த வீட்ல காத்துகூட வரிசையில நின்னுதான் உள்ள வரணும்" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இந்த வீட்டுக்குத்தான் அக்கா வருவதாக இருந்தது. வருவாரா என்பது குளியலறையின் கையில் இருந்தது.

அக்கா, பேக்கிங்கம்மாவை விட ஒன்பது வயது மூத்தவர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாடி வீடு ஒன்றில் தனியாக இருந்தார். பஸ் படியில் கால் தவறி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த தங்கையின் கணவரைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்லவேளை மாப்ளே, நீங்க ஓட்டின பஸ் இல்ல. இருந்திருந்தா சொந்தக்காரின்னு புகார்கூடக் கொடுக்க முடியாது."

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் இனி வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது, மாடி ஏறவும் முடியாது என்றார் டாக்டர். அக்காவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லம். அங்கே ஓர் அறை மாத முடிவு வரை அவருக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, தங்கை வீடு.

"உன் வீட்டுக்கு வர்றேன். ஆனா குளிக்கிறப்ப யாரும் துணைக்கு நிக்கக் கூடாது" என்றார் அக்கா. "கதவைச் சாத்திக்கிட்டு, நானே உட்கார்ந்து, நானே ஊத்திக்கணும். உன் பாத்ரூம்ல அது நடக்குமா? அதுக்குள்ள போனா திரும்பறதுக்கு வெளியில வரணும்."

"நடக்கும்க்கா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ, தெரியும். நான் எங்க நிக்கறதுன்னுதான் தெரியல."

அக்கா இல்லத்துக்குப் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது பேக்கிங்கம்மாவின் கவலை அல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்த்து, எதற்காவது சண்டை போட்டு, சாப்பிட்டுவிட்டு வருவது அவர் பழக்கம். அரை நாள் பயணம் செய்து யாரும் சண்டை போடப் போவதில்லை. போனில் போட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை.

சிக்கல் இன்னொன்றும் இருந்தது. அக்காவின் கட்டில் போட முன்னறையில் ஒரு மூலைதான் உண்டு. அந்த மூலையில் தரை முதல் கூரை வரை அலமாரி. அதைக் கழற்றினால் அதிலுள்ள சாமான்களுக்கு வேறு இடம் வேண்டும். எதையும் தூக்கிப் போடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எல்லாம் குளியலறைக்குள் போகட்டும் என்று பேக்கிங்கம்மா முடிவு செய்தார்.

ஆலையில் புதிய பெட்டி ஒன்றுக்கு அளவு போடும்போது முதலில் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்து, உள்ளே பொருளை வைத்துப் பார்ப்பார்கள். அதே மாதிரி மொட்டைமாடியில் குளியலறையை வரைந்தார். கழிப்பிடத்துக்குப் பதில் ஒரு நாற்காலி, மூலையில் வாஷ்பேசினுக்குப் பதில் ஒரு குண்டான், சுவர்களுக்குப் பதில் கோடு. கணவரை உள்ளே நிறுத்தினார்.

"குளிங்க."

"சட்டை, பேன்ட்டோடவா?"

"பாவனைதான். முதுகு தேய்ங்க."

கணவர் இல்லாத சோப்பை எடுத்து முதுகைத் தேய்த்தார். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மகள் கத்தினாள்: "அப்பா, முழங்கை சுவத்துக்குள்ள போயிடுச்சு! அவுட்!"

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கைவேலையை விட்டுவிட்டார். "என்னங்க நடக்குது அங்க?"

"குளிக்கிறாருங்க" என்றார் பேக்கிங்கம்மா.

"தண்ணியே காணோமே?"

"நம்ம தெருவுல என்னைக்குங்க நேரத்துக்கு வந்திருக்கு?" என்றார் கணவர், தலைக்கு ஊற்றியபடி.

இப்படிப் பார்த்துப் பார்த்துத் திட்டம் உருவானது. உள்பக்கம் திறந்து பாதி இடத்தைத் தின்ற கதவுக்குப் பதில், வெளிச்சுவரை ஒட்டி நகரும் கதவு. உட்கார்ந்து குளிக்கச் சுவரில் மடக்குப் பலகை. அதன் இரு பக்கமும் பிடித்து எழக் கம்பிகள். பேசினை மூலைக்குத் தள்ளி, அதன் அடியில் கதவு வைத்த பெட்டி. தடித்த சுவரைக் குடைந்து, சோப்பும் ஷாம்பும் வைக்க மாடம். கண்ணாடிக்குப் பின்னால் மருந்துத் தட்டு. கதவுக்கு மேலே துண்டுகளுக்குப் பரண். இதுவரை எல்லாம் சரி. ஆனால் அதன் பிறகும் சுவரோரமாகக் கொஞ்சம் காலி இடம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கழிப்பிடத்துக்கு எதிர்ச்சுவரில் இடுப்பளவுக்கு ஓர் அடுக்கு அலமாரி, ஒரு சாண் ஆழத்தில். அதன் பக்கத்தில் வாளிகளை அடுக்க ஒரு மரச் சட்டம்.

"அம்மா, இது பாத்ரூமா, மளிகைக் கடையா?" என்றார் கொத்தனார். "நான் பூசிட்டு வெளிய வர வழி இருக்குமா?"

"வாக்கர் போகுது. அளந்துட்டேன்" என்றார் பேக்கிங்கம்மா.

அளந்தது உண்மை. ஆஸ்பத்திரியில் அக்கா தூங்கும்போது வாக்கரின் அகலத்தைச் சாண் போட்டு அளந்து வந்திருந்தார். அலமாரிக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே அது தாராளமாகப் போனது, இரு பக்கமும் இரண்டு விரல் மிச்சத்தோடு. பேக்கிங்கில் இரண்டு விரல் என்பது ஊதாரித்தனம்.

வேலை முடிந்தது. அலமாரிச் சாமான் அத்தனையும் உள்ளே போய், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் வந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். முன்னறை மூலை காலியானது.

ஒரு மதியம் வெளியே போய்வர அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைத்தது. டாக்சியில் வந்திறங்கி, வாக்கரை ஊன்றி, நேராகக் குளியலறைக்குப் போனார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். தங்கைக்கு அது பாராட்டு விழா.

அக்கா உள்ளே போனார். பலகையில் உட்கார வேண்டுமானால் கால்வட்டம் திரும்ப வேண்டும். வாக்கரைத் திருப்பினார். முன்கால் அலமாரியில் இடித்தது. கொஞ்சம் பின்னால் இழுத்துத் திருப்பினார். பின்கால் வாளிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

"பெரியம்மா, அப்படியே பின்னாலயே வந்துடுங்க" என்றாள் மகள்.

"நான் என்ன லாரியா?"

கடைசியில் கணவர் கை நீட்டி வாக்கரைத் தூக்கி எடுக்க, பேக்கிங்கம்மா அக்காவைக் கட்டிப்பிடித்து வெளியே கொண்டுவந்தார். அக்கா முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"என்னைத் தவிர எல்லாத்துக்கும் இடம் போட்டிருக்க" என்றார். "விடு. அந்த இல்லத்துல பாத்ரூம் பெருசாம். போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடறேன்."

"ஒரு வாரம் பொறு."

"எதுக்கு? இன்னும் நாலு தட்டு அடிக்கவா?"

டாக்சி போன பிறகு பேக்கிங்கம்மா குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றார். வாக்கர் போகுமா என்று அளந்திருந்தார். திரும்புமா என்று அளக்கவில்லை. பெட்டிக்குள் போன பொருள் எதுவும் திரும்பாது, குனியாது, உட்கார்ந்து எழாது. மாடியில் கணவரைக் குளிக்கவைத்துப் பார்த்தபோது அவர் இரண்டு கால்களில் நின்றார். அலமாரியும் அப்போது வரையப்படவில்லை.

மறுநாள் ஆலைக்கு லீவு சொன்னார். அலமாரியையும் வாளிச் சட்டத்தையும் கழற்றச் சொல்லிக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். அவற்றிலிருந்த சாமான்களை மொட்டைமாடி வெயிலில் பரப்பினார். கைப்பிடி உடைந்த கப்புகள், ஓடாத ஹேர் டிரையர், பாட்டில்களில் காய்ந்துபோன ஷாம்பு, எந்தப் பெட்டியோடு வந்ததென்று தெரியாத மூடிகள், மடித்த அட்டைகள், கயிற்றுச் சுருள்கள்.

"இதுல எதை எங்க வைக்கப் போற?" என்று கேட்டார் கணவர்.

"எங்கயும் வைக்கல. நீங்க போய்க் கோணி கொண்டு வாங்க."

கணவர் மனைவியின் மனம் மாறுவதற்குள் கோணியோடு வந்தார். சோப்புத் தூளும் வாளிகளும் மட்டும் சமையலறைக்குப் போயின. மகளின் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி நுழைந்தது. அவள் இரண்டு நாள் முணுமுணுத்தாள். மற்றதெல்லாம் பழைய சாமான் வண்டியில் ஏறியது. குளியலறையில் சோப்பு மாடம், கண்ணாடித் தட்டு, பேசின் பெட்டி, பரண் ஆகியவை மட்டும் நின்றன. எதிர்ச்சுவர் வெறும் சுவரானது. பேக்கிங்கம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் பல் தேய்க்கப் பழகிக்கொண்டார்.

அடுத்த வாரம் அக்கா மாற்றுத் துணியோடு வந்தார். உள்ளே போனார், கதவை இழுத்துச் சாத்தினார். வாக்கர் திரும்பும் சத்தம் கேட்டது. பலகை இறங்கியது. பிறகு தண்ணீர் விழுந்தது. வெளியே மூன்று பேரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

"அக்கா?"

பேக்கிங்கம்மா கதவில் கை வைத்தார்.

"அக்கா! உள்ள வரட்டுமா?"

"வந்த, செருப்பு பறக்கும். முதுகு தொடச்சிக்கிட்டிருக்கேன்."

கதவு திறந்தபோது ஈரத் தலையோடு, துணி மாற்றி, வாக்கரைப் பிடித்து நின்றார். "இதுக்குத் தாழ்ப்பாள் எங்க?"

"வேண்டாம்னு போடல. விழுந்துட்டா எப்படி உள்ள வர்றது?"

"தாழ்ப்பாள் இல்லாத கதவு கதவே இல்ல. நான் கேட்டதே அது ஒண்ணுதான்."

"கேட்டது சாத்திக்கிட்டுக் குளிக்கணும்னு. சாத்திக்கிட்டுதானே குளிச்ச?"

"நீங்க மூணு பேரும் வெளிய நிக்கறது உள்ள வரைக்கும் கேக்குதுடி. மாப்ளே விடற மூச்சு உட்பட."

நீண்ட நாளைக்குப் பிறகு வந்த நல்ல சண்டை அது. மகள் நடுவில் புகுந்தாள். "காலேஜ்ல ஒரு தாழ்ப்பாள் இருக்கும்மா. உள்ள பூட்டிக்கலாம். அவசரம்னா வெளியிலிருந்து ஒரு காசை வெச்சுத் திருகினா திறந்துக்கும்."

பேக்கிங்கம்மா யோசித்தார். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே காத்திருந்தார்.

"திருகறது நான் மட்டும்தான்" என்றார் பேக்கிங்கம்மா. "அதுவும் மூணு தடவை கூப்பிட்டு நீ பதில் சொல்லலைன்னாதான்."

"அஞ்சு தடவை."

"சரி, அஞ்சு."

அக்கா முன்னறையில் உட்கார்ந்து இல்லத்துக்குப் போன் போட்டு, அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னார். வெள்ளிக்கிழமை தச்சர் வந்து தாழ்ப்பாளைப் பொருத்துகிறார். சனிக்கிழமை காலையில் கட்டிலும், அக்காவும், அவருடைய இரண்டு பெட்டிகளும் வருகின்றன.