மூடியில்லாத அடுப்பு

ஓவர்சியர் ஞானசம்பந்தனுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு ஆசைகள் வந்தன. மகள் விஜயஸ்ரீயை நல்ல சைவக் குடும்பத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. புறவாசலில் கோழி சுட்டுத் தின்ன வேண்டும் என்பது மற்றொன்று. முதல் ஆசை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடியது. இரண்டாவது, திருநெல்வேலி டவுனில், திருநீறு பூசாமல் காப்பித் தம்ளரைத் தொடாத ஒரு தெருவில், முட்டை என்ற சொல்லையே பள்ளிக்கூடத்து மார்க்குக்கு மட்டும் பயன்படுத்தி வந்த ஒரு வீட்டில் வந்ததுதான் வினை.

அவர் அதற்கு முன் கோழி தின்றதில்லை என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. அந்தத் தெருவில் சைவம் என்பது வீட்டு விலாசத்தோடு சேர்ந்தது. ஆற்றுப்பாலம் தாண்டினால் விலாசம் மாறிவிடும். அலுவல் நிமித்தம் மேலப்பாளையம் போன ஆண்கள் அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த மனைவியும் கேட்டதில்லை. இந்த நல்ல ஏற்பாட்டை ஞானசம்பந்தன் கெடுத்தார். விலாசத்துக்குள்ளேயே சாப்பிட ஆசைப்பட்டார்.

ஆசை மாஞ்சோலையில் பற்றியது. தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடையில், மலைப்பாதையில் சரிந்த தடுப்புச்சுவரைப் பார்வையிடப் போனவரை, அங்கிருந்த தேயிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் பங்களாவுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். புல்தரையில் மூன்று கால்களில் ஓர் இரும்புச் சட்டி நின்றது. உள்ளே கரி, மேலே கம்பி வலை, கம்பியின் மேல் கோழி, எல்லாவற்றுக்கும் மேல் கவிழ்த்த குண்டான் போல ஒரு மூடி.

“மூடி எதுக்கு சார்?” என்று கேட்டார் ஞானசம்பந்தன்.

“புகை வெளிய போகாம இருக்கத்தான்” என்றார் அதிகாரி.

புகை வெளியே போகாமல் இருப்பதில் என்ன லாபம் என்பது அப்போது ஓவர்சியருக்கு விளங்கவில்லை. கோழி மட்டும் நன்றாக விளங்கியது.

வீட்டில் அனுமதி வாங்குவது தடுப்புச்சுவர் கட்டுவதைவிடச் சிரமமாக இருந்தது. மனைவி சொர்ணாம்பாள் ஒரு நாள் எடுத்துக்கொண்டு நிபந்தனைகளைத் தயாரித்தாள். மறுநாள் அறிவித்தாள்.

“கெணத்துக்கு இங்கன ஒரு துணுக்கு வரக் கூடாது. தட்டு, இடுக்கி, கிண்ணி எல்லாம் அங்கனயே கெடக்கட்டும். தின்னுட்டுத் தலைக்கு ஊத்தாம வாசப்படி ஏறுனியன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

“அவ்வளவுதான?”

“அவ்வளவு இல்ல. பொண்ணுக்கு வரன் பேசுத நேரம். வெளிய தெரிஞ்சா யாரு இந்த வீட்டுப் படி ஏறுவா? அதையும் யோசிச்சுட்டுத் தின்னுங்க.”

அவர் யோசித்தார். எந்த அடுப்பு வாங்கலாம் என்று யோசித்தார்.

முதலில் குமுட்டி அடுப்பில் ஆரம்பித்தார். காப்பி சுடவைக்கப் பிறந்த அந்த ஜீவன், ஒரு கோழிக்காலுக்கு மேல் ஏற்க மறுத்தது. அடுத்து, சாலை வேலை முடிந்து காண்டிராக்டர் ஓடைக்கரையில் போட்டுவிட்டுப் போன காலித் தார் பீப்பாய் அவர் கண்ணில் பட்டது. இருபத்தைந்து வருஷம் ரோடு போட்டவருக்கு வேறெது கண்ணில் படும்? அதை நீளவாக்கில் அறுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கரி நிரப்பிப் பற்றவைத்தார். ருசி பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து தேவசிகாமணி வந்திருந்தார். ஒரே அலுவலகத்தில் வரைவாளர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், மனைவி சாலோமி மசாலா தடவிக் கொடுத்த கோழியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான்.

தேவசிகாமணி ஒரு வாய் வைத்து, நெடுநேரம் மென்றார்.

“எப்படி இருக்கு?”

“நாங்குநேரி ரோடு மாதிரி இருக்கு வே. மேல ஒரு தடவ ரோலர் ஓட்டுனா முடிஞ்சுது.”

அதன்பின் இருவரும் மேலப்பாளையத்தில் தாஜ் முகம்மதுவின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். ஓவர்சியர் காகிதத்தில் வரைந்தே கொண்டுபோயிருந்தார். கனமான தகட்டில் தொட்டி. சாம்பல் விழ அடியில் துளைகள். கரிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண். கம்பியில் பெயின்டோ துத்தநாகப் பூச்சோ கூடாது. எல்லாம் சரி. கம்பி வலைக்குத்தான் தாஜ் முகம்மது ஒரு யோசனை சொன்னார். யாரோ வாசல் கேட்டுக்குச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போன ஒரு சட்டம் மூலையில் கிடந்தது. நடுவில் தோகை விரித்த மயில்.

“அளவு அச்சா பொருந்துது அண்ணாச்சி. புதுசா அடிக்கணும்னா நாளாவும்.”

“மயிலு மேலயா கோழி?”

“பறவைக்குப் பறவ தாங்கட்டுமே. மூடி ஒண்ணு அடிச்சிரட்டா?”

“மூடி எதுக்குவே? ஆனி ஆடியில காத்து மேற்க இருந்து வீசுது. எங்க புறவாசல் கெழக்க. புகை கால்வாயத் தாண்டி வயலுக்குப் போயிரும். வயக்காட்டுல இருந்தா எனக்குச் சம்பந்தி வரப்போறாவ?”

ஐப்பசியில் காற்று எங்கிருந்து வீசும் என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை.

கரியைப் பற்றி ஞானசம்பந்தன் கண்ட உண்மைகள் பின்வருமாறு. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் கோழி ரேஷன் கடை வாசம் அடிக்கும். சிரட்டையில் தீ மூட்டி அதன்மேல் உடைமரக் கரியை அடுக்க வேண்டும். கரி கறுப்பாக இருக்கும்போது கோழியை வைக்கக் கூடாது. சிவந்து, தணிந்து, மேலே நீறு பூத்த பிறகே வைக்க வேண்டும். கரிகூடத் திருநீறு பூசிக்கொண்டுதான் அந்தத் தெருவில் காரியத்தில் இறங்கியது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

வெந்த கோழியின் மேல் மயில் தெளிவாக விழுந்திருந்தது. தோகைகூட எண்ணலாம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கோமதிசங்கர் மதில்மேல் தலையை நீட்டினார். தெருப் பிள்ளையார் கோவில் கமிட்டிக்குத் தலைவர். தெருவில் எந்த வீட்டில் எத்தனை விசில் வந்தது என்பது வரை அறிந்தவர்.

“தம்பி, ஏதோ தீயுத வாடை வருதே?”

“கத்தரிக்கா சுடுதேன் அண்ணாச்சி.”

கோமதிசங்கர் மூக்கை உறிஞ்சினார். கொஞ்சம் யோசித்தார். “கத்தரிக்கா ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்று சொல்லிக் கால்வாய்க்கரை வழியாகச் சுற்றி வந்து உட்கார்ந்தார். “எனக்கு ஒரு கால் போதும்.”

ஆடி பிறப்பதற்குள் கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் தலையில் துண்டு போட்டுக்கொண்டு கால்வாய்க்கரையில் வரத் தொடங்கினார்கள். கோவில் கூட்டத்துக்குச் சேராத கோரம் இங்கே சேர்ந்தது. கும்பாபிஷேகத்துக்கு எந்தப் பந்தல்காரன் என்பதை அந்த மயில் முன்னிலையில்தான் முடிவு செய்தார்கள். யாரும் கோழி என்று சொல்லவில்லை. கத்தரிக்காய்க்கு நெஞ்சு, ஈரல் எல்லாம் அங்கே முளைத்தன. போகும்போது ஆளுக்கொரு கிராம்பு வாயில் போட்டுக்கொண்டு போனார்கள்.

“நல்லா இருக்கு வே” என்றார் தேவசிகாமணி. “ஒங்க தெருவே இங்க கோழி திங்கி. எங்க வீட்டுல சாலோமி புருஷனுக்குக் கொழுப்புன்னு சாம்பார் வைக்கா.”

புரட்டாசி கடைசியில் விஜயஸ்ரீக்குத் தூத்துக்குடி வரன் வந்தது. பையன் குமரகுருபரன், பாங்கு உத்தியோகம். அப்பா நெல்லைநாயகம், ஆசாரத்துக்குப் பேர்போனவர். இதற்கு முன் வந்த வரன்கள் ஜாதகத்திலும் நிறத்திலும் தட்டிப்போயிருந்தன. மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த விஜயஸ்ரீ, எந்த வரனைப் பற்றியும் வாய் திறக்காதவள். முக்கூடலில் ஒரு கல்யாண வீட்டில் குமரகுருபரனைப் பார்த்துவிட்டு வந்தபின் அம்மாவிடம், “இது அமைஞ்சா நல்லாருக்கும்மா” என்றாள். சொர்ணாம்பாள் அன்றைக்கே நெல்லையப்பருக்கு நேர்ந்துகொண்டாள். ஜாதகமும் பொருந்தியது.

ஒன்றுதான் பாக்கி. வாக்குக் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வருவார். பெண் வீட்டுக்குப் போகமாட்டார். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்து, குடும்பம் எப்படி என்று விசாரிப்பார். நெல்லைநாயகம் இந்த வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்காதவர். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்து கோமதிசங்கர் வீட்டு வாசலில் நின்றார்.

கோமதிசங்கர் அப்போது கையில் ஒரு காலோடு ஓவர்சியரின் கிணற்றடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மகள் அனுராதா கூப்பிட்டாள்.

“அப்பா, தூத்துக்குடியில இருந்து ஆள் வந்திருக்காவ.”

கோமதிசங்கர் காலைத் தட்டில் வைத்தார். “இது இங்கன இருக்கட்டும். தம்பி, நீ பதறாத. நான் பாத்துக்கிடுதேன்” என்றார். வாய் கொப்பளித்து, கிராம்பு போட்டு, நீறு பூசிக்கொண்டு போனார்.

அதன்பின் அங்கே நடந்ததை, காப்பி கொண்டுபோய்க் கொடுத்த அனுராதாதான் ஒரு மாதம் கழித்து விஜயஸ்ரீயிடம் அழுதுகொண்டே சொன்னாள். நெல்லைநாயகம் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். கொண்டல்காற்று கிழக்கே இருந்து ஒரு வீச்சு வீசியது. வயலுக்குப் போயிருக்க வேண்டிய புகை, புறவாசல், முற்றம், பட்டாசாலை என்று ஒழுங்காக ஒவ்வொரு கட்டாகக் கடந்து இரண்டு வீட்டையும் நிரப்பியது.

“என்ன வாசம் இது?” என்றார் நெல்லைநாயகம்.

கோமதிசங்கர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “நான் என்னத்தச் சொல்ல? பக்கத்து வீடு. பொண்ணு தங்கம். தகப்பன்தான் நம்ம வழக்கத்த விட்டுட்டாரு. அதான் புகையே சொல்லுதே, நான் வேற சொல்லணுமா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “எங்க அனுராதாவுக்கும் இந்த வருஷம் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்” என்றார்.

விருந்தாளியை வழியனுப்பிவிட்டு அவர் திரும்பவும் கால்வாய்க்கரை வழியாக வந்தார்.

“என்ன சொன்னிய அண்ணாச்சி?”

“நல்ல மாதிரிதான் சொல்லியிருக்கேன்” என்று உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து காலைத் தின்று முடித்தார்.

ஒரு வாரத்தில் தரகர் வந்து, ஜாதகத்தில் ஏதோ சின்ன இடறல் என்றார். பொருந்திய ஜாதகத்தில் இடறலை எங்கே கண்டார்கள் என்று ஞானசம்பந்தன் கேட்கவில்லை. விஜயஸ்ரீ பரீட்சைத் தாளை எடுத்து வைத்துத் திருத்த உட்கார்ந்தாள். கார்த்திகையில், குமரகுருபரனுக்கும் அனுராதாவுக்கும் நிச்சயம் என்று தெருவுக்கே தெரிந்தது. அன்று குளிக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கணவனிடம் சொர்ணாம்பாள் வந்து நின்றாள்.

“இனிமே தலைக்கு ஊத்த வேண்டாம். அப்படியே உள்ள வாங்க. யாரு வரப்போறா இந்த வீட்டுக்கு?”

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டில் நாதசுரம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையில் கிணற்றைத் தாண்டி வந்தறியாத விஜயஸ்ரீ அன்று வந்தாள்.

“அப்பா, அடுப்பப் பத்தவைங்க.”

“எதுக்கும்மா?”

“பத்தவைங்க.”

கரி நீறு பூக்கும் வரை அங்கேயே நின்றாள். கோழிக்கால் வெந்ததும் ஒரு தட்டில் வைத்து, மூடாமல், கால்வாய்க்கரை வழியாகப் போகாமல், தெரு வழியாக நடந்து கோமதிசங்கர் வீட்டுக்குள் போனாள். பட்டாசாலையில் வெற்றிலை, பழம், பட்டுப்புடவை என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. இவள் தன் தட்டையும் வரிசையில் வைத்தாள்.

“பெரியப்பா, போன வாரம் நீங்க வரல்ல. ஒங்க கால்.”

நாதசுரக்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தார். சபையிலிருந்த கமிட்டி உறுப்பினர்கள் கூரையைப் பார்த்தார்கள். காலின் மேல் பதிந்திருந்த அந்த மயிலை ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கோமதிசங்கர் நிதானம் இழக்கவில்லை. “வரன் தட்டிப்போனதுல புள்ளைக்கு மனசு சரியில்ல” என்று சபைக்குச் சொன்னார். “பாவம், யாரும் ஒண்ணும் சொல்லிராதிய.”

“பாவம்” என்றது சபை. குமரகுருபரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அனுராதா தலையைக் குனிந்துகொண்டாள். விஜயஸ்ரீ திரும்பும்போது, தட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்த நெல்லைநாயகம் அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“உடைமரக் கரியா?”

அவள் வந்த வழியே தெருவில் இறங்கினாள்.

அன்று முதல், விஜயஸ்ரீக்கு மனசு சரியில்லை என்பது தெருவின் தீர்மானமாயிற்று. விசாரிக்க வந்த ஒன்றிரண்டு பேருக்கும் அதுவே சொல்லப்பட்டது. அதன்பின் விசாரிக்கவும் யாரும் வரவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அடுப்புத் தொட்டி கால்வாய்க்கரையில் துருப்பிடித்தது. மயில் கம்பியின் மேல் துணி விரித்துச் சொர்ணாம்பாள் வத்தல் காயப்போட்டாள்.

தை மாதக் கல்யாணமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள், ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்ற ஞானசம்பந்தனைத் தாஜ் முகம்மது பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியம். ஒங்க அடுப்பு மாதிரியே ரெண்டு அடிக்கச் சொல்லியிருக்காவ, ஒங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி. ஒண்ணு அவுகளுக்கு. ஒண்ணு தூத்துக்குடிச் சம்பந்திக்காம். மயிலு மட்டும் வேண்டாம்னுட்டாவ. ஆனா மூடி இருக்கணும், புகை ஒரு இழை வெளிய வராம அழுந்த மூடணும்னு ரெண்டு தடவ வந்து சொல்லிட்டுப் போயிட்டாவ.”

ஞானசம்பந்தன் பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

“அப்படியே ஒங்களுக்கும் ஒரு மூடி அடிச்சிரட்டா?”

“வேண்டாம்வே” என்றார் ஞானசம்பந்தன். “இனி மூடுததுக்கு என்ன இருக்கு?”