ஞாயித்துக்கெழமை நாலு மணிப் பெரட்டு

மச்சான், நீ கேட்டேல்ல, பொம்மைப் படம் மாதிரி இருக்குற இந்தப் பழைய கேமை வச்சிக்கிட்டு இன்னும் ஏன் மாரடிக்கிறேன்னு. சொல்றேன். ஆனா பாதியில சிரிச்சேன்னா எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா. நான் வயரிங் வேலை செய்யிறவன். எங்க ஊரு பத்து காஜாவுல பாதி வீட்டுக்கு நான்தான் ஒயர் இழுத்திருக்கேன். சுவிச் போடாம லைட் எரிஞ்சா எங்கயோ ஒயர் உரசுதுன்னுதான் என் புத்தி போகும், பேய் பிசாசுன்னு போகாது. வீட்டுல சாமி வந்து ஆடுறப்பக்கூட வெளிய போயி தேத்தண்ணி குடிக்கிற ஆளு நான்.

கேமுக்குள்ள நான் வைத்தியன், ஜோசப் அண்ணே கோட்டைக் காவக்காரரு. நெசத்துல அவரு பீடோர்ல கொய்யாப்பழ லோரி ஓட்டுனவரு, கிட்னி போயி வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் கழுவப் போவாரு. ஒரு கையில ஊசி, இன்னொரு கையில ஹேண்ட்போன், அங்க இருந்தே ஆடுவாரு. நேர்ல நாங்க பாத்துக்கிட்டதே கெடையாது, நம்புனா நம்பு. ஆனா எங்கம்மா தவறுனப்ப சொந்தக்காரங்களுக்கு முன்ன அவருகிட்டதான் சொன்னேன். மனுசன் ஆறுதல்னு ஒரு வார்த்தை சொல்லல, தன் காவக்காரனக் கொண்டாந்து என் வைத்தியன் பக்கத்துல உக்கார வச்சிட்டு ரெண்டு மணி நேரம் அப்படியே இருந்தாரு.

பெரட்டும் அவரு கொண்டாந்த பழக்கந்தான். எஸ்டேட்டுல வேலைக்கு முன்ன ஆளுங்கள வரிசையா நிக்க வச்சிப் பேரு கூப்பிடுவாங்கள்ல, அது. ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு, கேமுல இருக்குற பாலத்துக்கிட்ட இருபத்து மூணு பேரும் வந்து நிக்கணும். பாரிட் புந்தார்ல சாப்பாட்டுக்கடை வச்சிருக்குற நசீர் அண்ணேதான் எங்க தலைவரு. மத்தியானக் கூட்டம் ஓஞ்சதும் அடுப்படிக்குப் பின்னால உக்காந்து ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாரு, நாம ‘இருக்கேன்’னு அடிக்கணும், அவ்வளவுதான். இதுக்காகவே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன்கூட வாரான். வாரம் பூரா என்னை எல்லாரும் ‘ஏ வயரிங்கு’ன்னுதான் கூப்பிடுறாங்க மச்சான், அங்க ஒரு ஆளு என் பேரச் சொல்லி நான் இருக்கேனான்னு கேக்குறாரு. வேற எந்த கேமுல கேப்பான்?

ஒடம்பு ரொம்ப முடியாமப் போனப்ப ஜோசப் அண்ணே ஒண்ணு கேட்டாரு. “தம்பி, நான் ஆஸ்பத்திரியில கெடந்தா என் பேருக்கு நீ சொல்லிருலா. எங்கப்பா ராத்திரியே செத்துட்டாரு, அது தெரியாம காலையில பெரட்டுல அவரு பேரைக் கூப்பிட்டாங்க. யாரும் பதில் சொல்லல. அந்த அமைதி இன்னும் என் காதுல இருக்கு. எனக்கு அப்படி ஆகக் கூடாது.” சத்தியமா விடமாட்டேன் அண்ணேன்னு வாக்குக் கொடுத்தேன். அவரு பாஸ்வேர்டை எனக்கும் என்னோடத அவருக்கும் சொல்லிக்கிட்டோம். அவரு ஆஸ்பத்திரியில படுத்த நாலு ஞாயிறும் நாந்தான் அவரா உள்ள போயி ‘இருக்கேன்’னு சொன்னேன்.

அஞ்சாவது ஞாயிறுதான் மோசம் போனேன். சிலிம் ரிவர் பக்கம் பழைய எஸ்டேட்டு மண்டபத்துல பொண்டாட்டி சொந்தத்துல ஒரு கல்யாணம். நான் போறதாவே இல்ல, காலையில அவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கவும் கெளம்பிட்டேன், குரூப்புல யாருக்கும் சொல்லல. போனா, சுத்தி செம்பனைத் தோட்டம், ஹேண்ட்போன்ல ஒரு கோடு லைன் இல்ல. மூணரைக்கே எந்திரிச்சு மேட்டுல ஏறுனேன், தண்ணித்தொட்டி மேல ஏறுனேன், ஏணியில நின்னு கையத் தூக்கிப் பாத்தேன். “ஒரு கேமுக்கா இப்படி அலையிற?”ன்னு இவ கத்துறா. நாலு மணி ஆச்சு. அங்க அவரு பேரைக் கூப்பிட்டிருப்பாங்க, யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டாங்க.

வீடு வந்து சேர ஆறரை. வெயிலு இன்னும் இருந்துச்சு, பக்கத்து வீட்டுல மெஷின் வச்சிப் புல்லு வெட்டுறாங்க. சட்டையக்கூட மாத்தாம லேப்டாப்பத் தெறந்தேன். என் வைத்தியனை நான் கேமுல இருக்குற சந்தையில விட்டுட்டுப் போனேன், இப்ப அவன் பாலத்துக்கிட்ட உக்காந்திருக்கான். பக்கத்துல காவக்காரன், பேருக்கு மேல, ஆளு உள்ள இருக்காருன்னு காட்டுற பச்சை வெளக்கு.

“அண்ணே, மன்னிச்சிருங்க. லைன் இல்ல, உங்க பேருக்குச் சொல்ல முடியல”ன்னு அடிச்சேன்.

“பரவால்லலா தம்பி. ரெண்டு பேருக்கும் நானே சொல்லிட்டேன். கல்யாணச் சாப்பாடு சாப்டியா?”

அப்பாடா, மனுசன் தேறிட்டாருன்னு எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். சாப்டேன் அண்ணேன்னு அடிக்கிறேன், ஹேண்ட்போன் அடிக்குது. அவரு சம்சாரம் மேரி அக்கா.

“தம்பி, அண்ணே காலையில பதினோரு மணிக்குப் போயிட்டாருப்பா.”

கண்ணு லேப்டாப்புலதான் இருந்துச்சு. காவக்காரன் மெதுவா எந்திரிச்சான். கையத் தூக்கிக் காட்டுனான். பச்சை வெளக்கு அணைஞ்சு போச்சு.

துக்க வீட்டுல கேக்குற கேள்வியா அது, இருந்தாலும் கேட்டுட்டேன், அவரு ஹேண்ட்போன் யாருகிட்ட இருக்கு அக்கான்னு. “என் பையிலதான்பா கெடக்கு. வெள்ளிக்கெழமையே சார்ஜ் எறங்கிப் போச்சு.” மறுநா பீடோருக்குப் போயி, மொதமொறையா அவரு மொகத்தப் பாத்தேன். பொட்டிக்குப் பக்கத்துல நின்னு சின்னப் புள்ள மாதிரி அழுதேன், மச்சான். அவருக்கு நான் சொல்ல வேண்டியது, எனக்கும் சேத்து அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு.

நசீர் அண்ணேகிட்டக் கேட்டேன். ரெண்டு பேரும் வந்தீங்க, ரெண்டு பேரும் சொன்னீங்கன்னு சத்தியம் பண்றாரு. எவனோ உள்ள பூந்திருப்பான்னு நீ சொல்லுவ, சொல்லிக்க. நான் கல்யாணத்துக்குப் போனது அவனுக்கு எப்படிலா தெரியும்?

இப்பவும் பெரட்டுல ஜோசப் அண்ணே பேரைக் கூப்பிடுறோம். இருபத்திரண்டு பேரும் சேந்து ‘இருக்காரு’ன்னு அடிக்கிறோம். அத விட்டுட்டு வேற கேமுக்கு எங்க போறது?

போன மாசம் ஈப்போவுல ஒரு வீட்டுல வேலை, வர்ற வழியில கோப்பேங் ரோட்டுல ஜாம். நாலு இருபத்தஞ்சுக்கு ஓரமா வேன நிறுத்தி உள்ள போயி, “லேட்டாயிருச்சு அண்ணே, இருக்கேன்”னு அடிச்சேன்.

“என்னலா, நீதான் அப்பவே சொல்லிட்டியே”ங்குறாரு நசீர் அண்ணே.

இதோட மூணு தடவை. பாஸ்வேர்டை மாத்துடான்னு எல்லாரும் சொல்றாங்க. பயமாத்தான் இருக்கு மச்சான், மாத்தத்தான் மனசு வரல.