சுருள் கலையாத ஹெல்மெட்

என் வீட்டுக்காரர் முடி வெட்டுபவர். அவர் நெற்றிக்கு மேல் ஒரு சுருள் உண்டு. காலையில் அதைப் படிய வைத்து நிமிர்த்தி அவர் முடிப்பதற்குள் நான் சமையலையே முடித்துவிடுவேன். "ஏங்க, கடைக்குப் போறீங்களா, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டால், "இதுதான்டி என் கடை போர்டு. இதைப் பார்த்துத்தான் ஆளுங்க உள்ளே வர்றாங்க" என்பார். அதைப் பார்த்துத்தானே நானும் ஏமாந்தேன்.

கடைக்கு சைக்கிளில்தான் போவார். வழியில் ஒரு இறக்கம். அது முடிகிற வளைவில் எப்போதும் மணல் சேர்ந்து கிடக்கும். பக்கத்துக் கடைத் தையல்காரர் அங்கே வழுக்கி விழுந்தார். அன்றைக்கே இவருக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். மனிதர் மறுக்கவில்லை, போட்டுக்கொண்டார். எப்படி? பின்மண்டையில், கவிழ்த்த கிண்ணம் நழுவப்போவது போல. சுருள் நசுங்கக்கூடாதாம். வாரையும் மாட்டவில்லை. தாடியில் தடம் விழுமாம்!

"நெத்தியை மறைக்கிற மாதிரி போடுங்களேன்!"

"அதான் போட்டிருக்கேன்ல? விடவே மாட்டியா?"

வாடிக்கையாளரின் கிருதா ஒரு நூல் ஏறியிருந்தாலே தவித்துப்போகிற மனிதர் இவர். தன் தலையில் ஹெல்மெட் நாலு விரல் ஏறிக் கிடந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அதே வளைவில் சைக்கிள் வழுக்கியது. ஹெல்மெட் கழன்று உருண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் சாக்கடை ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டது. இவர் நெற்றி நடைபாதைக் கல்லில் மோதியது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கண் திறந்துதான் இருந்தார். "கடையைத் திறந்தாச்சா?" என்று கேட்டார். "இன்னிக்கு லீவுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். பிறகும் அதையே. என் உயிர் என்னிடம் இல்லை. தையல் போடுவதற்காக அந்தச் சுருளை மழிக்க நர்ஸ் வந்தார். கத்தி நெற்றியைத் தொட்டதும், "கீழேயிருந்து மேலே இழுக்காதீங்கம்மா, தோல் எரியும்" என்றார் இவர். அப்பாடா, என் மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பார்த்தார். முன்னால் மொட்டை, பின்னால் காடு.

"இப்படியே கடைக்கு எப்படிடி போவேன்?"

"அதான் போர்டைக் கழட்டியாச்சே. இனிமே ஹெல்மெட்டை ஒழுங்காப் போடலாம்."

சிரிக்கப் போய், தையல் இழுத்து, முகத்தைச் சுளித்தார்.

சுருள் மறுபடி வளர்ந்துவிட்டது. ஆனால் இப்போது தினமும் வாசலில் என் முன்னால் தலையைக் குனிகிறார். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு ஹெல்மெட்டை நேராக இறக்கி, மோவாய்க்குக் கீழே வாரை மாட்டிவிடுவது நான்தான். கடைக்குப் போய், நசுங்கிய சுருளைத் தண்ணீர் தொட்டு நிமிர்த்த நேரமாகிறதாம். அதுவரை முதல் வாடிக்கையாளர் காத்திருக்கிறாராம்.

காத்திருக்கட்டுமே. "கடையைத் திறந்தாச்சா?" என்று கேட்டவருக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேனே, அதைவிடவா?